புள்ளிக் கோலமும் பூமிப் பிளவும்

தாம்பரத்துப் பக்கம் படித்தவர்களுக்குச் சார்னோகைட் பாறையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் அந்தக் கல்லுக்கு, கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல்லை வைத்து, 1893-ல் தாமஸ் ஹாலந்து பெயர் சூட்டினார். "நம்ம ஊர் கல்லு மேல உட்கார்ந்திருக்கு, பூகம்பமெல்லாம் வடக்கத்திக்காரங்களுக்குத்தான்" என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நிலம் அசைந்து, சென்னையிலும் வீடுகள் குலுங்கின. அடுத்த ஆண்டு திருத்திய விதிநூலில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது.

குலுக்கலை ஓரளவு சமாளிக்கலாம். பாறைக்குள் இருக்கும் சுரங்கப்பாதை பாறையோடு சேர்ந்தே ஆடுவதால், மேலே நிற்கும் கட்டடத்தைவிட அதற்குப் பெரும்பாலும் சேதம் குறைவு. வம்பு எங்கே என்றால், ஃபால்ட் என்னும் நிலப்பிளவை அது குறுக்கே கடக்கும் இடத்தில். அங்கே பூமி ஆடுவதோடு நிற்காது, கத்தரிக்கும்.

இதை ஜப்பான்காரர்கள் 1930 நவம்பர் 26-ல் நேரிலேயே பார்த்தார்கள். டன்னா ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கும்போதே பிளவு நழுவியது. தோண்டிய வழி இரண்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகிப் போயிற்று. பாதையைச் சற்றே வளைத்து 1934-ல் முடித்தார்கள். 1952-ல் கலிஃபோர்னியாவின் கெர்ன் பகுதியில், தண்டவாளம் வளைந்து சுரங்கச் சுவருக்கு அடியிலேயே நுழைந்து கிடந்தது!

இதை முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா? 1960-ல் ரே கிளஃப் 'ஃபைனைட் எலிமென்ட்' என்று பெயரிட்ட முறை, நம் வீட்டு வாசல் புள்ளிக் கோலம் மாதிரிதான். பாறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகரும் என்று கம்ப்யூட்டரைக் கேட்பது. சிக்கல் என்னவென்றால், அந்தக் கோலத்தில் பக்கத்துக் கட்டங்கள் ஒட்டியே இருக்கும். பிளவோ பிரிந்து நழுவுவது. 1968-ல் குட்மன், டெய்லர், பிரெக்கெ மூவரும் ஒரு யுக்தி செய்தார்கள். பிளவு நெடுக ஒரே இடத்தில் இரண்டு புள்ளி வைத்து, நடுவே ஒரு ஸ்பிரிங்கைக் கோத்தார்கள். விசை மீறினால் புள்ளிகள் விலகும். என் கணக்கில், இந்தக் கதையின் திருப்பமே இதுதான். 1971-ல் பீட்டர் கண்டால் இன்னும் ஒரு படி போய், பாறையைத் தனித்தனிக் கட்டிகளாகவே நகரவிட்டார்.

1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 இயங்கத் தொடங்கியது. கார்டுக் கட்டோடு வரிசையில் நின்றவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். அதே காலத்தில் ரூர்க்கியில் ஜெய்கிருஷ்ணா குழுவினர் நிஜமான ஒரு பிளவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். யமுனைத் திட்டத்தின் சிப்ரோ–கோத்ரி சுரங்கம் குரோல், நாஹன் என இரண்டு பிளவுகளைக் கடக்க வேண்டியிருந்தது. மாதிரிகளைச் சோதித்தும் அழுத்தங்களைக் கணக்கிட்டும் 1974-ல் அறிக்கை தந்தார்கள். பிடிவாதமாய் நிற்கும் கான்கிரீட் குழாய் அங்கே உடையும் என்பதால், துண்டு துண்டாக, மூட்டு வைத்து வளைந்து கொடுக்கும் உட்சுவர் என்பது அங்கே எழுந்த யோசனை. மரவட்டையின் உடம்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் ரயில்பாதையில் 125 கிலோமீட்டரில் நூற்றுக்கு மேல் சுரங்கம்தான். இன்று அந்தக் கணக்கை மேஜைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும், வண்ணப்படமும் காட்டும். ஆனால் பிளவு எத்தனை சென்டிமீட்டர் நழுவும், அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்பதை அது கண்டுபிடிக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு எண்ணும் சுத்தியலோடு மலையேறிப் பாறையைத் தட்டிப் பார்ப்பவர்களிடமிருந்தும், துளையிட்டுக் கல்லை எடுத்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்ப்பவர்களிடமிருந்தும்தான் வருகின்றன. கம்ப்யூட்டர் படிக்கக் கிளம்பும் நம் தம்பி தங்கைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரம் மலைக்கும் போய்வரலாம்.