பெயரன்

யாழ்ப்பாணத்து மரண அறிவித்தலை முதன்முறை வாசிக்கிற தமிழ்நாட்டுக்காரர் ஓரிடத்தில் தடுமாறுவார். எண்பது வயது தாண்டிக் காலமான ஒருவரை, இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று சொல்லிக்கொண்டு போகும் அறிவித்தல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நாலைந்து பேரை வரிசையாகச் சொல்லி, அவர்களின் ‘அன்புப் பேரனும் ஆவார்’ என்று முடியும். அச்சுப்பிழை இல்லை. அங்கே பேரன் என்றால் தாத்தா. மரியாதை சேர்த்தால் பேரனார். பேத்தி என்றால் பாட்டி. நாம் பேரன் என்கிறவன் அவர்களுக்குப் பேரப்பிள்ளை.

ஒரே சொல் கிழவரையும் குழந்தையையும் எப்படிக் குறிக்கும்? சொல்லைப் பிரித்தால் விடை கிடைத்துவிடும். பேரன் என்பது பெயரன். வியர்வை வேர்வை ஆனதுபோல, பெயர் பேர் ஆனது. பெயரன் பேரன் ஆனான், பெயர்த்தி பேர்த்தியாகிப் பேத்தி ஆனாள். பெயரை உடையவன் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. தாத்தாவின் பெயரைப் பிள்ளைக்கு இடுகிற வழக்கத்தில் அந்தப் பெயருக்கு உடைமைக்காரர் இரண்டு பேர். தமிழ்நாடு சின்னவரைப் பிடித்துக்கொண்டது, யாழ்ப்பாணம் பெரியவரையும் விடவில்லை. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பெயர் என்ற வேர் அக்கம்பக்கத்து மொழிகளிலும் இருக்கிறது. தெலுங்கில் பேரு, கன்னடத்தில் ஹெசரு, பழைய கன்னடத்தில் பெசர். ஆனால் மகனின் மகனைத் தெலுங்கர் மனவடு என்பார்கள், கன்னடர் மொம்மக என்பார்கள். அந்தச் சொற்களில் பெயர் இல்லை. மலையாளத்தில் பேரக்குட்டி உண்டு. பெயர்தல் என்ற வினையையும் இதோடு முடிச்சுப் போட்டு, ஆள்விட்டு ஆள் பெயர்வதால்தான் பெயர் என்று சொல்ல ஆசை வரும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அழகு சான்று ஆகாது.

வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று நற்றிணையில் இருக்கிறது. 40ஆம் பாட்டில், பரத்தை வீட்டுக்குப் போயிருந்த ஒருவன் நடுச்சாமத்தில் திருடனைப்போலத் தன் வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே புதுமணல் பரப்பியிருக்கிறது, மனைவி குழந்தை பெற்றுப் படுத்திருக்கிறாள். அவனை வரவழைத்த அந்தக் குழந்தையைக் கோண்மா நெடுங்கோட்டனார் மகன் என்று சொல்லாமல், சிறந்தவர் ஒருவருடைய பெயரன் என்கிறார். அந்தச் சிறந்தவர் குழந்தையின் தாத்தா. பெற்றவனுக்கு இல்லாத மதிப்பு அந்த இடத்தில் தாத்தாவுக்குக் கிடைத்துவிடுகிறது.

எங்கள் சிவகங்கைப் பக்கம் தலைப்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது எழுதாத சட்டம். எனக்கும் அப்படித்தான். தாத்தா தபால்காரர். சைக்கிளை ஒரு கையால் உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுக்காரர் பெயரை முழுசாக, இனிஷியலோடு சொல்லிக் கூப்பிடுவார். மணியார்டர் என்றால் குரல் இன்னும் கொஞ்சம் உயரும். எழுத்து தெரியாதவர்களுக்குக் கடிதத்தைத் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். கெட்ட சேதி என்றால் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார், தனக்கில்லை, கேட்கிறவருக்கு. ஊரார் பெயரையெல்லாம் தினமும் உரக்கச் சொன்ன மனிதரின் பெயரை அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லை. புருசன் பெயர் என்று அப்பத்தா சொல்லமாட்டார், மாமனார் பெயர் என்று அம்மா சொல்லமாட்டார். அந்த விலக்கு என்மேலும் விழுந்தது. அப்பத்தாவுக்கு நான் ‘ஐயா’, அம்மாவுக்குப் ‘பெரியவன்’. என் பெயரை ஒருவர் வாயால் நான் கேட்டது முதல் வகுப்பில், வருகைப் பதிவேட்டை வாசித்த வாத்தியாரிடம்தான். தாத்தா போன பிறகாவது அப்பத்தா சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அரசர்களும் தாத்தா பெயரைப் பேரனுக்கு இட்டார்கள். மகேந்திரவர்ம பல்லவனின் பேரன் இரண்டாம் மகேந்திரவர்மன். முதலாம் பராந்தகனின் பேரன் சுந்தர சோழனுக்கு இரண்டாம் பராந்தகன் என்றே பெயர். சோழர் பட்டங்களும் ஒன்றுவிட்டு ஒன்றாக வந்தன: விசயாலயன் பரகேசரி, மகன் ஆதித்தன் இராசகேசரி, பேரன் பராந்தகன் திரும்பவும் பரகேசரி. ஆட்சியாண்டோடு ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருக்கும் கல்வெட்டு எந்தப் பரகேசரியுடையது என்று எழுத்தமைதியையும் பிற குறிப்புகளையும் வைத்துத்தான் பிரிக்கவேண்டியிருக்கிறது. தாலுகா ஆபீசில் பட்டா மாற்றப் போகிற குடும்பங்களுக்கும் இதே பாடுதான். சு. கருப்பையாவின் மகன் க. சுப்பையா, அவர் மகன் மறுபடி சு. கருப்பையா. செத்தவர் நீங்களா என்று கேட்காத குறை.

விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணக்கும் இயற்பியலும் நடத்திய சந்திரசேகர ஐயரின் பிள்ளைகளில் ஒருவர் சர் சி. வி. இராமன். மூத்தவரான சுப்பிரமணியனுக்கு 1910இல் லாகூரில் பிறந்த முதல் ஆண்பிள்ளைக்குச் சந்திரசேகர் என்று தாத்தா பெயர் வந்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு. 1999 ஜூலையில் நாசா விண்ணுக்கு அனுப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு அவர் நினைவாகச் ‘சந்திரா’ என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கல்லூரி வாத்தியாரின் பெயரில் பாதி இன்றும் பூமியைச் சுற்றுகிறது.

இப்போது வழக்கம் தேய்ந்துவிட்டது. நட்சத்திர எழுத்தும் எண் கணிதமும் முந்திக்கொள்கின்றன. தாத்தாவுக்கு முதலெழுத்து மட்டும் மிஞ்சுகிறது. இதற்காக நான் பெரிதாக வருந்தவில்லை. சித்தப்பா, பெரியப்பா மக்கள் நாலு பேருக்கும் ஒரே பெயர் இருந்து, மேலவீட்டான், கீழவீட்டான் என்று அடையாளம் சொல்லி வளர்ந்தவனுக்கு அதன் தொல்லையும் தெரியும். தம்பி மகனுக்கு எங்கள் அப்பா பெயரில் முதலெழுத்தை மட்டும் எடுத்து ஒரு புதுப்பெயர் வைத்தார்கள். அம்மா தெருமுனை வரை கேட்கும்படி அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். என்னை இன்னும் பெரியவன் என்றுதான்.