கடலடிக் கம்பி கற்றுத் தந்த பாடம்

சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயர் கிட் வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்பலகை, வண்ணப் பட்டைகள் கொண்ட ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், டிரான்சிஸ்டர்கள் எல்லாம் இருக்கின்றன. பற்றவைத்து முடித்ததும் மின்சாரம் கொடுத்துப் பாட்டுக் கேட்கவே கை துடிக்கும். ஆனால் அனுபவப்பட்ட மெக்கானிக் அப்படிச் செய்யமாட்டார். முதலில் மல்டிமீட்டரை எடுத்து ஓம் பார்ப்பார்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? ஆம்ப்ளிஃபயர் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, கடலடியில் பாழான தந்திக் கேபிள்களிலிருந்து வந்தது. அவற்றுள் ஒன்று இந்தியாவுக்காகப் போடப்பட்டது.

தடை என்பது யாது?

சோழவரம் ஏரியிலிருந்து புழல் ஏரிக்குக் கால்வாய் வழியே நீர் செல்வதை நீங்கள் அறிவீர்கள். நீர்மட்டங்களின் உயர வேறுபாட்டை மின்னழுத்தம் என்றும், ஓடும் நீரின் அளவை மின்னோட்டம் என்றும் கொள்ளுங்கள். கால்வாயின் குறுகலும் அதில் மண்டிக் கிடக்கும் செடிகொடிகளும் தடையாகும். இம்மூன்றுக்கும் உள்ள தொடர்பை மின்சாரத்தில் கண்டறிந்து 1827இல் நூலாக வெளியிட்டவர் ஜார்ஜ் சைமன் ஓம். அப்போது அவர் ஜெர்மனியில் ஒரு பள்ளி ஆசிரியர். விதி கிடைத்துவிட்டது; ஆனால் பல ஆண்டுகள் வரை உலகம் ஒப்புக்கொண்ட தடையலகு ஏதும் இல்லை. ஒவ்வொருவரும் தம்மிடமிருந்த கம்பிச் சுருளையே அலகாகக் கொண்டு அளந்தனர்.

இரண்டு தோல்விகள்

1858ஆம் ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலின் அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டு முடிக்கப்பட்டது. சைகைகள் மிக மெலிவாக வந்தன. பொறுப்பிலிருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ், ஏறத்தாழ 2000 வோல்ட் அழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார். முன்பே பழுதுபட்டிருந்த காப்புறை அதைத் தாங்குமா? ஒரு மாதம் போல் உயிரோடிருந்த கேபிள் அடியோடு செயலற்றுப் போயிற்று.

அடுத்து 1859-60இல் சூயஸிலிருந்து செங்கடல் வழியே கராச்சிக்குக் கேபிள் போட்டார்கள். இந்தியாவை இங்கிலாந்தோடு இணைப்பது நோக்கம். அதுவும் பல இடங்களில் பழுதாகி, முழு நீளத்துக்கும் ஒழுங்காகச் செயல்படாமலே போயிற்று. பிரிட்டிஷ் அரசு உத்தரவாதம் அளித்திருந்தபடியால் நட்டம் மக்களின் வரிப்பணத்தில் விழுந்தது.

காரணங்களை ஆராய ஒரு விசாரணைக் குழு அமைந்து, 1861இல் அறிக்கை அளித்தது. செம்பின் தூய்மை, காப்புறையின் தரம், தயாரிப்பின்போதே சோதித்தல் ஆகியவற்றின் அருமை அப்போது புரிந்தது. அதே ஆண்டில், வில்லியம் தாம்சனின் தூண்டுதலால் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் தடைக்கு ஒரு பொது அலகை வகுக்கக் குழு அமைத்தது. 1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு ‘ஓம்’ என்ற பெயரை உலகுக்கு உரியதாக்கியது.

இப்பாடத்தின் பயனை முதலில் கண்ட கேபிள்களுள் ஒன்று, 1864இல் பாரசீக வளைகுடாவில் போடப்பட்ட இந்திய அரசின் கேபிள். ஒவ்வொரு துண்டையும் நீரில் மூழ்கவைத்து அளந்த பின்பே கடலில் இறக்கினார்கள். 1865இல் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் கேபிள் சென்றது.

அவர்கள் அளந்தவை முக்கியமாக இரண்டு. கடத்தியின் தடை குறைவாக இருக்க வேண்டும். காப்புறையின் தடை மிக அதிகமாக இருக்க வேண்டும். முதலாவதால் இன்னொரு பயனும் உண்டு. ஒரு கிலோமீட்டர் கம்பியின் தடை 3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கம்பி அறுந்து நீரைத் தொடுகையில், கரையிலிருந்து அளந்தால் 600 ஓம் காட்டுகிறது. பழுது சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத குற்றத்தை எண் காட்டிக்கொடுத்தது. இந்தியத் தந்தித் துறையில் பணியாற்றிய லூயி ஷ்வெண்ட்லர் என்ற ஜெர்மானியர், நிலத்தின் மேல் செல்லும் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் முறைகளை நூலாகவே எழுதினார்.

பெட்டிக்குள் மூன்று கருவிகள்

அந்நாளில் ஆம்பியர், வோல்ட், ஓம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்காடி இச்சுமையைக் குறைக்க மூன்றையும் ஒரே பெட்டியில் இணைத்தார். 1923இல் அது ‘அவோமீட்டர்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே ‘அவோ’.

முள் வகை மல்டிமீட்டரில் ஓம் அளவுகோலின் பூச்சியம் வலக்கோடியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் தெரியுமா? ஓம் பார்க்கும்போது மீட்டர் தன் பேட்டரியிலிருந்து மின்னோட்டத்தை அனுப்புகிறது. தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். முள் வலப்புறம் நகரும். மின்னோட்டம் மீட்டருடையதாகவே இருக்க வேண்டும் என்பதால்தான், மின்சாரம் உள்ள சுற்றில் ஒருபோதும் ஓம் பார்க்கக் கூடாது. பார்த்தால் அளவு தவறும்; மீட்டரும் கெடும். பெரிய கெபாசிட்டர்களில் தங்கிய மின்னூட்டத்தையும் ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்துவிட வேண்டும்.

இனி உங்கள் கிட்டுக்கு வருவோம். ரெசிஸ்டர்களைப் பலகையில் பொருத்துமுன் ஒவ்வொன்றாக அளவிடுங்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு, தங்கம் என்றால் 1000 ஓம், 5 சதவீதம் கூடுதல் குறைவு. 950 முதல் 1050 வரை சரி. பொருத்திய பின் அளந்தால் பக்கப் பாதைகளும் சேர்ந்து அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். எனவே ஒரு காலைக் கழற்றி அளப்பதே முறை.

2என்3055 போன்ற பவர் டிரான்சிஸ்டரின் உலோக உறையே அதன் கலெக்டர். அதற்கும் வெப்பம் தணிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே மைக்கா வைத்திருந்தால், அங்கே முள் அசையக் கூடாது. அசைந்தால் மைக்கா ஓட்டையாகியிருக்கலாம், அல்லது திருகு தொட்டுக்கொண்டிருக்கலாம். கடலடிக் கேபிளின் காப்புறைச் சோதனையும் இதுவும் ஒரே இனம்தான். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 6 ஓம் போலக் காட்டினால் அஞ்ச வேண்டாம். மாறுதிசை மின்னோட்டத்துக்கான எதிர்ப்பே அதில் எழுதப்படுகிறது. மீட்டர் காட்டுவது சுருளின் நேர்மின் தடையை.

கடைசியாக, மின்சாரம் நுழையும் இரு முனைகளுக்கிடையே பாருங்கள். முள் முதலில் பூச்சியத்தை நோக்கிப் பாய்ந்து, கெபாசிட்டர் மின்னூட்டம் பெறப் பெற மெல்லத் திரும்பினால் நல்லது. பூச்சியத்திலேயே நின்றுவிட்டால் எங்கோ ஈயம் வழிந்து இரு தடங்களை இணைத்திருக்கிறது என்று ஐயுறுங்கள். அதைத் தேடிக் களைந்து, மீண்டும் ஒருமுறை அளந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.