வாழைக்குருத்தும் ஹைட்ரோஜெல்லும்

புண்ணைக் காய விடணும், தண்ணி படக்கூடாது, பொருக்குக் கட்டினாத்தான் ஆறும். நம்ம வீடுகளில் இன்னைக்கும் சொல்லும் வைத்தியம் இதுதான். 20ஆம் நூற்றாண்டின் பாதி வரை ஆங்கில மருத்துவமும் ஏறக்குறைய இதையே நம்பியது. 1925இல் டெட்ராய்ட் நகரின் டேவிட்சன் என்ற மருத்துவர் தீப்புண்ணில் டானிக் அமிலம் பூசும் முறையைக் கொண்டுவந்தார். தோல் பதனிடும் அதே சரக்குதான். புண்மேல் கெட்டியாக ஒரு ஓடு உருவாகும். உலகமெங்கும் பரவிய முறை, கல்லீரலைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1940களில் கைவிடப்பட்டது. எவரெஸ்ட் பயணங்களுக்குப் போய்வந்த சாமர்வெல், நெய்யூர் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த காலம் அது.

ஆனால் நாஞ்சில் நாட்டு வீடுகளிலேயே இதற்கு எதிரான ஒரு பழக்கமும் இருந்தது. பெரியம்மை கண்டவரை வாழையிலையில்தான் படுக்க வைப்பார்கள். பாய் ஒட்டும், துணி ஒட்டும். மெழுகுப் பூச்சுள்ள வாழையிலை ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். தீப்பொள்ளலுக்கும் குருத்திலை போடும் வழக்கம் உண்டு. காரணம் யாரும் சொல்லவில்லை, செய்தார்கள்.

காரணம் 1962இல் லண்டனில் கிடைத்தது. ஜார்ஜ் வின்டர் பன்றிக்குட்டிகளின் தோலில் சிறு காயங்கள் உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார், சிலவற்றைக் காய விட்டார். மூடியவற்றில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. தோல் செல்கள் ஈரப் பரப்பில் எளிதாக நகரும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போகணும். அடுத்த வருஷமே மனிதர்களிடமும் இதையே கண்டார்கள்.

வேகத்தை விடப் பெரிய விஷயம் வலி. ஒட்டிப்போன துணியைப் பிய்க்கும்போது புதிதாக வளர்ந்த தோலும் சேர்ந்து வரும். தீக்காய வார்டில் கட்டு மாற்றும் நேரம்தான் மிகக் கொடுமையான நேரம். ஏழை நோயாளிகளுக்கு இதை எப்படிக் குறைப்பது என்று யோசித்தவர்கள் பம்பாய் மருத்துவர்கள். 1985இல் கேஸ்வானி குழு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாக்கியது. 2003இல் கோரேயும் அகோலேகரும் வாழையிலையைக் கட்டுத்துணியில் ஒட்டி, ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி, அதனோடு ஒப்பிட்டார்கள். புண் ஆறியது இரண்டிலும் ஒன்றுபோலத்தான். வாழையிலை மலிவு, தயாரிக்கவும் எளிது.

ஆனால் இலை ஈரத்தைக் காக்குமே தவிர, கொடுக்காது. அந்த வேலைக்கு வந்ததுதான் ஹைட்ரோஜெல். 1960இல் பிராகில் விக்டெர்லேயும் லிம்மும் நீர் உறிஞ்சும் பாலிமர் ஒன்றைச் செய்தார்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அதிலிருந்து வந்தது. 1980களில் போலந்தின் வூட்ச் நகரில் ரோசியாக், பாலிமர் கரைசலைப் பொட்டலத்தில் மூடி, அதன்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சினார். பாலிமர் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து ஜெல்லாகும், கிருமியும் சாகும். ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலை. (எங்க தொழிலில் இதைப் பார்த்தால் கைதட்டுவோம்.) அந்த ஜெல்லில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். புண்ணைக் குளிர்விக்கும், ஒட்டாது, கண்ணாடி மாதிரி இருப்பதால் பிரிக்காமலே புண்ணைப் பார்க்கலாம்.

நம் நாட்டில் இதே வழியில் பாலிவினைல் ஆல்கஹால் ஜெல்லை உருவாக்கித் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுத்தது பாபா அணு ஆராய்ச்சி மையம். நம்ம மணவாளக்குறிச்சி மணல் ஆலையும் அதே அணுசக்தித் துறையின் கீழ்தான். மணலுக்கும் ஜெல்லுக்கும் சம்பந்தம் அவ்வளவே.

ஜெல் எல்லாப் புண்ணுக்கும் ஆகாது. நீர் அதிகம் வடிந்தால் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப்போகும். ஆழமான தீக்காயத்துக்குத் தோல் ஒட்டு அறுவைதான் வழி. சிறு குழந்தைக்கு உடம்பில் பெரும்பகுதியை ஜெல்லால் மூடினால் உடல் குளிர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. கொல்லையில் வெட்டிய இலையும் கிருமி நீக்காமல் திறந்த புண்ணுக்கு ஆகாது. பொள்ளின உடனே வேண்டியது குழாய்த் தண்ணி, 20 நிமிஷம். மையும் பற்பசையும் பூசிக்கொண்டு போனால், ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் சுரண்டி எடுப்பார்கள்.