லௌபெயும் கசீத்தாவும்

ஜெர்மனியின் ஷ்ரேபர் தோட்டங்களையும் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் போர்ட்டோ ரீக்கோ மக்கள் வளர்த்த தோட்டங்களையும் பாத்தியிலிருந்து ஒப்பிட்டால் வேற்றுமையே மிகுதி. குடிலிலிருந்து தொடங்கினால் உறவு புலப்படுகிறது. அங்கே லௌபெ, இங்கே கசீத்தா. இரண்டும் நாலு பேர் உட்கார்ந்து பேசக்கூடிய சிறு மரக்குடில்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று கட்டப்படவில்லை. ஆயினும் நம் திண்ணை செய்த வேலையைத்தான் இரண்டும் செய்கின்றன.

இரண்டுமே காய்கறிக்காகத் தொடங்கியவை அல்ல என்பது முதல் வியப்பு. லைப்சிக்கில் 1865-இல் உருவான ஷ்ரேபர் திடல், பிள்ளைகள் விளையாடுவதற்கானது. பெயருக்குரிய மருத்துவர் ஷ்ரேபர் 1861-இலேயே மறைந்துவிட்டார். திடலோரத்தில் பிள்ளைகளுக்குப் பாத்தி அமைத்துக் கொடுத்தவர் கெசெல் என்ற ஆசிரியர். பிள்ளைகளுக்குச் சலித்துப் போயிற்று. களையெடுக்க வந்த பெற்றோர் நிலைத்துவிட்டனர். பிராங்ஸின் ரின்கோன் கிரியோயோ தோட்டம், 1970-களில் பாழடைந்து கிடந்த மனையொன்றை ஹோசே சோத்தோவும் அண்டை வீட்டாரும் துப்புரவாக்கியதில் பிறந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது, கூடி உட்காரவும் பிளேனா பாட்டுக்குக் கைப்பறை தட்டவும் ஓரிடம். லைப்சிக்கில் பிள்ளைகள் பெற்றோரைத் தோட்டத்துக்குள் இழுத்தனர். பிராங்ஸில் பெரியவர்கள் பிள்ளைகளை இழுத்தனர். இரண்டிலும் செடி, பின்னால் வந்த விருந்தாளி.

அறிவு கைமாறும் முறையில் இரண்டும் விலகுகின்றன. ஜெர்மானியத் தோட்டச் சங்கத்தில் அதற்கென்று ஒரு பொறுப்பே உண்டு: கவாத்து செய்யவும் மண்ணைப் பேணவும் கற்றுத்தரும் தோட்ட ஆலோசகர். சட்டமும் கூடவே நிற்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனை 400 சதுர மீட்டருக்கு மேற்படக் கூடாது. குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் நிரந்தரமாகக் குடியிருக்கவும் கூடாது. வேலி திருத்த, பாதை செப்பனிட என்று உறுப்பினர் தர வேண்டிய பொதுவேலை மணிக்கணக்கும் உண்டு. இந்தக் கட்டாயத்தை நட்புக்குப் பகை என்று எண்ணத் தோன்றும். என் கணிப்பு வேறு: தானாகப் பேசத் தயங்கும் இருவருக்கு ஒரே வேலியின் இரு பக்கங்களில் நின்று வெட்டுவது நல்ல அறிமுகம்.

பிராங்ஸில் அத்தகைய பொறுப்பும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. இடிந்த கட்டடங்கள் இருந்த மனைகளில் செங்கல் சல்லியும் சில இடங்களில் ஈயமும் கலந்திருந்ததால், வெளியிலிருந்து மண் கொண்டுவந்து பலகை அடைத்த மேட்டுப்பாத்தி போட வேண்டியிருந்தது. ஆகவே மண்ணை உண்டாக்குவதே முதல் பாடம். குளிரை ஏய்ப்பது அடுத்தது. காரமில்லாத அஹீ டுல்சே மிளகாய் வெப்பத் தீவின் செடி. உறைபனி விழுமுன் அது காய்க்க வேண்டுமானால் நாற்றை வீட்டுக்குள் சன்னலோரம் முன்கூட்டியே வளர்த்தாக வேண்டும். இது அந்தத் தீவில் தேவைப்படாத அறிவு. புலம்பெயர்ந்த கைகளுக்கே உரியது. கைப்பறை வாசிப்பும் அதே குடிலில் வாய்வழியாகத்தான் கற்பிக்கப்பட்டது. நாற்றுப் பாடம் எங்கே முடிகிறது, பறைப் பாடம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

விதியால் வேலியிட்ட தோட்டத்தில் நட்பு ஆழம் குறைந்ததோ என்ற ஐயம் எழுந்தால், பெர்லினின் லிஷ்டன்பெர்க் பகுதிக்குப் போக வேண்டும். 1943-இல் ஹான்ஸ் ரோசன்தால் என்ற யூத இளைஞரை ஈடா யௌக் தம் தோட்டக் குடிலில் மறைத்து வைத்தார். 1944-இல் ஈடா இறந்தபின், அதே தோட்டத் தொகுதியைச் சேர்ந்த மரியா ஷோனபெக் அடைக்கலம் தந்தார். எம்மா ஹார்ன்ட் என்ற பெண்மணியும் துணை நின்றார். 1945 வரை மறைந்திருந்து அந்த இளைஞர் உயிர் பிழைத்தார். பின்னாளில் நாடறிந்த தொலைக்காட்சித் தொகுப்பாளரானார். தோட்டக்காரர்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளும் அறிவில் இதைவிடக் கனமானது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. கசீத்தாவில் நட்பு தெரு முழுக்கக் கேட்கும்படி ஒலித்தது. இந்த லௌபெயில் ஒரு சொல்லும் வெளியே போகாமல் அது காத்தது.

நிலத்தின் மீதான பிடிமானத்தில் லௌபெயே வலுவானது. குத்தகை கைமாறும்போது முன்னவர் நட்ட மரத்துக்கும் குடிலுக்கும் மதிப்பீடு செய்து, புதியவர் பணம் தருகிறார். அந்த ஆப்பிள் மரத்தின் எந்தக் கிளையை எப்போது கழிக்க வேண்டும் என்பது மட்டும் மதிப்பீட்டுத் தாளில் இராது. அதை முன்னவரிடமோ பக்கத்து மனைக்காரரிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் அத்தகைய உறுதி இல்லை. 1999-இல் நகர நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலத்துக்கு விட முனைந்தது. இரண்டு அறக்கட்டளைகள் விலைகொடுத்து அவற்றை மீட்டன. ரின்கோன் கிரியோயோவின் பழைய மனையும் பின்னர் வீடு கட்டும் திட்டத்துக்காக எடுக்கப்பட்டது. அண்டையார் சற்றுத் தள்ளி வேறொரு தெருமுனையில் கசீத்தாவை மறுபடி எழுப்பினர். மண்ணையும் மறுபடி உண்டாக்கினர்.