செய்கிறவரா, விற்கிறவரா? ஓர் எண்ணின் நெடும்பயணம்

1787ஆம் ஆண்டு லண்டனில் ஒரு பெட்டி பிடிபட்டது. உள்ளே இருந்தவை ஆர்க்ரைட்டின் நூற்பு இயந்திரத்தைப் பார்த்துச் செய்த சிறு மாதிரிகள். அந்த இயந்திரத்தை மட்டுமல்ல, அதன் மாதிரியைக்கூட நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதற்கு அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் தடை இருந்தது. ஆளனுப்பி அந்த மாதிரிகளைச் செய்யச் சொன்னவர் பிலடெல்பியா வணிகர் டென்ச் காக்ஸ். காப்பியடிக்கும் முயற்சி துறைமுகத்தைத் தாண்டவில்லை. ஆனால் ஆசாமி ஓய்ந்துவிடவில்லை. சில ஆண்டுகளில் அமெரிக்க நிதித்துறையில் அலெக்சாண்டர் ஹாமில்டனுக்கு உதவியாளராகி, உற்பத்தித் தொழில்கள் பற்றிய புகழ்பெற்ற 1791 அறிக்கைக்குக் கைகொடுத்தார்.

1810இல் அமெரிக்கா முதன்முறையாகத் தன் தொழில்களைக் கணக்கெடுத்தது. என்ன கேட்பது, எப்படி எழுதுவது என்று ஒழுங்கான படிவம் எதுவும் தரப்படவில்லை. கணக்கெடுக்கப் போனவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் கைக்கு வந்தபடி எழுதி அனுப்பினார்கள். அந்தக் குப்பையைக் கிளறி, ரகம் பிரித்து அட்டவணையாக்கும் வேலை காக்ஸிடம் வந்தது. 1814இல் அது அச்சேறியது. இயந்திரத்தைக் கடத்த முடியாதவர், எந்த ஊரில் என்னென்ன இயந்திரம் ஓடுகிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்று அமெரிக்க அரசின் ஒவ்வொரு டெண்டரின் தலையிலும், அது எந்தத் தொழிலைச் சேர்ந்தது என்று சொல்லும் ஆறு இலக்க எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்ச் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவில் கேட்கும் என்.ஐ.சி. எண்ணுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். நாம் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அன்றே மறந்துவிடுகிறோம். அங்கே அதற்காக வக்கீல் வைத்து வழக்காடுகிறார்கள்.

தொழிலைப் பிரிப்பது எளிது என்றுதான் ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள். 1851இல் பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வகைப்பாடு வகுத்த வில்லியம் ஃபார் ஒரு மருத்துவர். விலங்கிலிருந்து வருவது, தாவரத்திலிருந்து வருவது, கனிமத்திலிருந்து வருவது என்று கையாளும் பொருளை வைத்து மனிதர்களைப் பிரித்தார். இதில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. பட்டு நெய்கிறவரும் பட்டு விற்கிறவரும் ஒரே பெட்டிக்குள் போய்விட்டார்கள். லண்டன் ஏழைகளைப் பற்றிய ஆய்வுக்குப் பேர்போன சார்ல்ஸ் பூத், 1880களில் இந்தக் கணக்குகளை எடுத்துவைத்துச் செய்கிறவரையும் விற்கிறவரையும் பிரிக்கப் படாதபாடு பட்டார். இந்தச் சிக்கலை நினைவில் வையுங்கள். ஒன்றே கால் நூற்றாண்டு கழித்து வாஷிங்டன் வழக்குகளில் இதே சிக்கல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

அடுத்த தாவல் பாரிஸிலிருந்து சிகாகோவுக்கு. பெர்ட்டில்லான் குடும்பத்துக்கு மனிதர்களை வகை பிரிப்பதே குலத்தொழில். தாத்தா அஷீல் கிய்யார் மக்கள்தொகையியலுக்குப் பெயர் வைத்தவர், அப்பா புள்ளியியலாளர். ஒரு மகன் அல்போன்ஸ், குற்றவாளிகளின் காதையும் கையையும் அளந்து அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்து உலகக் காவல்துறைகளுக்கெல்லாம் ஆசானானார். இன்னொரு மகன் ஜாக், மரணத்துக்கான காரணங்களை வகைப்படுத்தினார். இன்றைய மருத்துவமனைகள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியலின் மூதாதை அதுதான். தொழில்களுக்கும் ஒரு பட்டியல் போட்டார். 1893இல் சிகாகோவில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் கழகத்தின் முன் தன் திட்டங்களை வைத்தார். சென்னை நண்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் கப்பலேறிய விவேகானந்தர் சர்வசமய மாநாட்டில் பேசியதும் அதே ஆண்டு, அதே ஊரில்தான். விவேகானந்தரின் உரைக்கு இங்கே ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். ஜாக்கின் பட்டியல் சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. 1911 இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் வகைப்பாட்டுக்கு ஆணையர் கெய்ட் அதையே எடுத்துக்கொண்டார். சென்னை மாகாணத்தில் கணக்கெடுப்பு அதிகாரி மலோனியின் மேற்பார்வையில் நம் கொள்ளுத்தாத்தாக்களின் பிழைப்பெல்லாம் ஒரு பாரிஸ்காரரின் கட்டங்களுக்குள் அடங்கியது.

அதுவரை இவையெல்லாம் எண்ணிப் பார்ப்பதற்கான பட்டியல்கள்தாம். யாருக்கும் இதனால் ஒரு காசு லாபமோ நஷ்டமோ இல்லை.

1930களின் பெருமந்தத்தில் நிலைமை மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாகத் தொழிலைப் பிரித்துக் கணக்குக் காட்டியது. ஒரு துறையின் வேலைவாய்ப்புக் கணக்கை இன்னொரு துறையின் உற்பத்திக் கணக்கோடு ஒப்பிட வழியில்லை. 1937இல் துறைகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. அடுத்த ஆண்டே உற்பத்தித் தொழில்களுக்கான பட்டியல் தயாரானது. நான்கு இலக்கத் தொழில் வகைப்பாடு பிறந்தது இப்படித்தான். போர் முடிந்ததும் உலகம் அந்த யோசனையைச் சுடச்சுட எடுத்துக்கொண்டது. 1948இல் பிரிட்டன் தனக்கென ஒன்று செய்துகொண்டது. அதே ஆண்டில் ஐ.நா.வும் ஒன்று வெளியிட்டது. இந்தியா 1962இல் ஒன்றும் 1970இல் அதைத் திருத்தி இன்னொன்றும் கொண்டுவந்தது. பங்குச் சந்தைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1999இல் தங்களுக்கெனத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் 2018இல் ஃபேஸ்புக்கும் கூகுளின் தாய் நிறுவனமும் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து தகவல் தொடர்புக்குக் குடிபெயர்ந்தன.

எண் காசாக மாறிய கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ ஒப்பந்தங்களில் மதிப்பளவில் மூன்றில் இரண்டு பங்கு நூறே பெரிய நிறுவனங்களிடம் போனது. சின்னப் பட்டறைகள் கூச்சல் போட்டன. 1942இல் சிறு போர்த் தொழிற்சாலைகளுக்கென்று ஒரு கழகம் வந்தது. கொரியப் போரின்போது அதேபோல இன்னொன்று. 1953இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் சிறுதொழில் நிர்வாகம் பிறந்தது. சிறியவர்களுக்கென்று ஒப்பந்தங்களை ஒதுக்கிவைக்கும் வழக்கம் வேரூன்றியது. ஆனால் யார் சிறியவர்? ஆரம்பத்தில் ஐந்நூறு ஆட்களுக்குக் குறைவு, தன் துறையில் ஆதிக்கம் செலுத்தாதவர் என்பது பொதுவான அளவுகோல். ஐந்நூறு பேர் கொண்ட துப்புரவு நிறுவனமும் ஐந்நூறு பேர் கொண்ட விமானத் தொழிற்சாலையும் ஒன்றாகுமா? ஆகாது. எனவே தொழிலுக்குத் தொழில் வேறு வரம்பு தேவைப்பட்டது. தொழில்களின் பட்டியலோ ஏற்கெனவே தயாராக மேசைமேல் கிடந்தது. புள்ளியியலாளர்களின் எண்ணைக் கடன் வாங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே ஒரு வரம்பை எழுதினார்கள். வம்பு பிறந்த நேரம் அது.

1966இல் நடந்த ஒரு கூத்து இந்த அளவுகோல்களின் லட்சணத்தைக் காட்டும். அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனம் ஏறத்தாழ 30,000 தொழிலாளிகளை வைத்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூவருக்கும் முன்னால் அது ஆதிக்கம் செலுத்தவில்லை என்ற வாதத்தை ஏற்று, அதைச் சிறுதொழில் என்றே அறிவித்தார்கள்!

1994இல் அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் சேர்ந்தன. மூன்று நாட்டுக் கணக்குகளும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் 1997இல் வட அமெரிக்கத் தொழில் வகைப்பாடு வந்தது. நான்கு இலக்கம் ஆறானது. பெரும்பாலும் முதல் ஐந்தும் மூவருக்கும் பொது. ஆறாவது அவரவர் வீட்டு விவகாரம். சிறுதொழில் நிர்வாகம் 2000 அக்டோபர் முதல் இதற்கு மாறியது. இந்தப் பட்டியலைப் பராமரிக்கிறவர்கள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இது புள்ளிவிவரத்துக்காக மட்டுமே செய்தது. வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறவர்களின் தேவையை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்கிறார்கள். கேட்பார் யார்? 2023 நிதியாண்டில் மட்டும் இந்த எண்களின் தயவில் சிறுநிறுவனங்களுக்குப் போன நேரடி ஒப்பந்தத் தொகை 17,860 கோடி டாலர்.

சண்டை எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரு ராணுவ முகாமைப் பராமரிக்க டெண்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குவது 561720. ஆண்டு வரவு 2.2 கோடி டாலர் வரை உள்ளவர் சிறியவர். புல்வெட்டித் தோட்டம் பார்ப்பது 561730. வரம்பு வெறும் 95 லட்சம். இரண்டோடு இன்னும் சில வேலைகளும் சேர்ந்தால் அது வளாகப் பராமரிப்பு, 561210; வரம்பு 4.7 கோடி. ஒரு டெண்டருக்கு ஒரே ஓர் எண்தான். அதன் முதன்மை நோக்கத்துக்கு எது பொருந்துமோ அதை ஒப்பந்த அதிகாரி தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுக்கு 3 கோடி வரவுள்ள நிறுவனம், அதிகாரியின் பேனா எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்து ஒரே நாளில் சிறியதாகவோ பெரியதாகவோ ஆகிவிடும். இத்தனைக்கும் அங்கே பெருக்கப்போவது அதே துடைப்பம்.

எண் தவறு என்று நினைப்பவர் டெண்டர் வெளியான பத்து நாட்களுக்குள் சிறுதொழில் நிர்வாகத்தின் மேல்முறையீட்டு அலுவலகத்தில் முறையிடலாம். பத்து என்பது வேலை நாட்கள் அல்ல, காலண்டர் நாட்கள். அங்கே இருக்கும் நீதிபதி, அதிகாரியின் தேர்வு வெளிப்படையாகப் பிழையானதா என்று மட்டும் பார்ப்பார்.

இதில் ஒரு நிறுவனம் கையைச் சுட்டுக்கொண்ட கதை பிரசித்தம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஒரு பிரிவு 2014இல் விட்ட டெண்டருக்கு ஆராய்ச்சிக்கான எண் தரப்பட்டிருந்தது. வரம்பு 500 ஆட்கள். பல்லாடியன் பார்ட்னர்ஸ் என்ற நிறுவனம் அதற்குள் வசதியாக அடங்கியது. போட்டியாளர் ஒருவர் மேல்முறையீடு செய்தார். இது ஆராய்ச்சியல்ல, நிர்வாக ஆலோசனை என்று முடிவானது. அதற்கு அன்று வரம்பு ஆண்டு வரவில் 1.4 கோடி டாலர். பல்லாடியன் வெளியே நின்றது. நீதிமன்றம் போனது. 2015இல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இவ்வளவுதான்: மேல்முறையீட்டு அலுவலகத்தில் விசாரணை நடந்தபோது நீங்கள் வாயைத் திறக்கவில்லையே, இப்போது எங்களிடம் வந்தால் எப்படி? அன்றிலிருந்து அங்கே ஓர் எழுதாத விதி. உங்களுக்குச் சாதகமான எண்ணை வேறொருவர் எதிர்த்தால், நீங்களும் போய் ஆஜராக வேண்டும்.

ஆராய்ச்சி எண்ணுக்கு இவ்வளவு கிராக்கி இருப்பதற்குக் காரணம் அதன் தாராளம். இன்றைக்குப் பொதுப் பொறியியலுக்கு வரம்பு 2.55 கோடி டாலர். ராணுவ, விண்வெளித் தளவாடப் பொறியியல் என்றால் 4.7 கோடி. பௌதிக, பொறியியல் ஆராய்ச்சி என்றால் ஆயிரம் ஆட்கள். எதிலும் கொஞ்சம் ஆராய்ச்சி வாசனை இருக்கிறதே என்று வாதாடப் பலருக்கு ஆசை வருவது இயல்பு. புதிய அறிவைத் தேடாத வேலை ஆராய்ச்சியல்ல என்று நீதிபதிகள் சலிக்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இனி வில்லியம் ஃபாரின் பட்டு வியாபாரி. அரசு கணினி வாங்குகிறது. பொருள் வாங்கும்போது மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம் ஆகியவற்றின் எண்ணைப் போடக்கூடாது என்பது விதி. அந்தப் பொருளைத் தயாரிக்கும் தொழிலின் எண்ணைத்தான் போட வேண்டும். கணினித் தயாரிப்புக்கு 334111, வரம்பு 1,250 ஆட்கள். ஆனால் டெண்டர் போடுகிறவர் கணினியைச் செய்கிறவரல்ல, வாங்கி விற்கிறவர். அவருக்கு வேறு வரம்பு, 500 ஆட்கள். அவர் கொடுக்கும் சரக்கும், விலக்கு கிடைத்தாலொழிய, ஒரு சிறு உற்பத்தியாளரிடமிருந்து வந்திருக்க வேண்டும். கணினியோடு பொருத்துதல், பயிற்சி போன்ற சேவைகளும் ஒப்பந்த மதிப்பில் 15 முதல் 50 சதவீதம் சேர்ந்தால் அது 541519இன் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் தனி ஏற்பாடு. வரம்பு 150 ஆட்கள். முந்நூறு பேர் வைத்திருக்கும் விற்பனையாளருக்கு முதல் எண்ணில் கதவு திறக்கும், இரண்டாவதில் சாத்தும். அடிக்குறிப்பைப் படிக்காமல் விலைப்புள்ளி போட்டு ஏமாந்தவர்கள் அங்கே உண்டு.

இந்தியா இந்த வம்பில் பாதியைத் தவிர்த்துவிட்டது. 2020 ஜூலை முதல் உற்பத்திக்கும் சேவைக்கும் ஒரே வரம்பு. 2025 ஏப்ரலிலிருந்து 25 கோடி ரூபாய் முதலீட்டுக்கும் 100 கோடி விற்றுமுதலுக்கும் உட்பட்டவர், எந்தத் தொழிலானாலும் சிறுநிறுவனம். எண்ணைக் கொஞ்சம் மாற்றிப்போட்டுப் பெரியவர் சிறியவராக இங்கே வழியில்லை. செய்கிறவரா, விற்கிறவரா என்ற மீதிப் பாதி இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற ஆணையின் சலுகை வியாபாரிகளுக்குக் கிடையாது. 2021இல் மொத்த, சில்லறை வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் என்ற ஒரே பயனுக்காகத்தான் சேர்த்தார்கள்.

ஆகவே, டெண்டர் போடுகிற எண்ணம் இருந்தால் இன்றே உங்கள் உத்யம் சான்றிதழை எடுத்து, முதன்மைச் செயல்பாடு என்ற இடத்தைப் பாருங்கள். சொந்தப் பட்டறையில் பொருள் செய்கிறவராக இருந்தும் அவசரத்தில் வணிகம் என்று குறித்திருந்தால், ஒப்பந்தப்புள்ளி திறப்பதற்கு முன்பே இணையதளத்தில் திருத்திவிடுங்கள்.