நொய்யலின் உப்புக் கணக்கு

உப்பு வேணும்னா கடற்கரைக்குத்தான் போகணும். பள்ளிக்கூடத்தில் நாம் அப்படித்தான் படித்தோம். கடலே இல்லாத கொங்கு நாட்டில், ஓர் அணை நிறைய உப்புத் தண்ணி சேர்ந்த கதை தெரியுமா உங்களுக்கு?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் கலக்கிறது நொய்யல். சென்னிமலைக்குப் பக்கத்தில் அதன் குறுக்கே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தார்கள். மழைக்கால வெள்ளத்தைத் தேக்கினால், கீழே கரூர் வரை நிலங்கள் பாசனம் பெறும் என்பது கணக்கு.

கணக்கு தப்பியது திருப்பூரில்! பருத்தித் துணியில் சாயம் ஏற, தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்பு போடவேண்டும். அது சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டுத் தான் மட்டும் தண்ணீரிலேயே தங்கிவிடும். கழிவுநீரைச் சுத்திகரித்தபோது நிறம் போனது, உப்பு போகவில்லை. அது ஆற்றோடு வந்து அணையில் தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் கரித்தன.

கொங்கு மண்ணுக்கு அடியில் கெட்டிப் பாறை. நிலத்தடி நீர் மேலே மக்கிய அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தங்கும். அதற்குள் இறங்கிய உப்பு லேசில் வெளியேறாது.

நிலவியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை ஏது? கையில் மின்கடத்துத் திறன் அளக்கும் சின்னக் கருவி போதும். உப்பு கூடக்கூட எண் எகிறும். மலையடிவாரத்தில் தொடங்கி, பாலத்துக்குப் பாலம் நின்று அளந்துகொண்டே வந்தால், உப்பு எங்கே சேர்கிறது என்பதை ஆறே சொல்லிவிடும். பிறகு கிணறு கிணறாகப் போகவேண்டும். ''ஏனுங்க தம்பி, தண்ணி எப்பத்தான் நல்லாகும்?'' என்று தோட்டத்துக்காரர் கேட்டால்..? அந்தப் பதில் பாடப்புத்தகத்தில் இருக்காது.

விவசாயிகள் விடவில்லை, நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் கலக்கக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. அதை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. தண்ணீரையும் உப்பையும் பிரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகளோடுதான் பிறகு தொழில் நிமிர்ந்தது.

அதே நொய்யல் கரையில்தான் கொடுமணலும் இருக்கிறது. 1985 முதல் தோண்டியதில், 2 ஆயிரம் வருஷங்களுக்கு முந்தைய கல்மணிகள் அங்கே கிடைத்தன. அவர்கள் விட்டுப்போனது மணி. நாம் விட்டுப்போவது என்னவென்று அளந்து பார்க்கத்தான் அந்தச் சின்னக் கருவி!