பேட்டரி இறங்கும் காரணம்: மேட்டுப்பாளையம் சாலையின் ஒரு தொழில் வரலாறு

கொங்கு நாட்டின் மோட்டார் வரலாறு, 1920இல் ஜி.டி. நாயுடு ஒரே பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொடங்கிய சேவையை முன்வைத்தே பெரும்பாலும் பேசப்படுகிறது. துடியலூர் வழியாக நீலகிரிக்குச் செல்லும் மேட்டுப்பாளையம் சாலை போன்ற பெருவழிகளில் இயங்கிவரும் ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறைகள், அவ்வரலாற்றில் இடம்பெறாத ஒரு கிளையாகும். இரவில் நிறுத்திய வண்டியின் பேட்டரி காலையில் இறங்கியிருப்பதன் காரணத்தைக் கண்டறிவதே இத்தொழிலின் தேர்ச்சிக்கு உரைகல்.

1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டர், அதாவது பட்டறை வழக்கில் ‘செல்ஃப்’, இடம்பெறும் வரை எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றியே கிளப்பியதால், பேட்டரி இறங்குவது அத்தனை பெரிய இடையூறாக இல்லை. 1957இல் வந்த அம்பாசடர் போன்ற கார்களில் மின்சாரம் தந்தது டைனமோ. எஞ்சின் நின்றதும் பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாதபடி இணைப்பைத் துண்டிக்கும் சிறு கருவி ‘கட்-அவுட்’ எனப்பட்டது. அதன் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் பேட்டரி ஓரிரவிலேயே காலியாகிவிடும். அக்காலப் பல வண்டிகளின் முகப்பில் இருந்த ஆம்பியர்மானியின் முள் கழித்தல் பக்கம் சாய்வதைக் கண்டு, ஓட்டுநரே பழுதை ஓரளவு ஊகிக்க முடிந்தது. பட்டறையிலோ, அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் அளந்து, ஆறு அறைகளில் ஐந்து ஏறக்குறைய 1.28 காட்டும்போது ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் ‘செல் போய்விட்டது’ என்று முடிவு கட்டினர்.

1983இல் மாருதி வந்தபின் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. கட்-அவுட்டின் வேலையை டயோடுகள் ஏற்றன. டயோடு பழுதானாலும் பேட்டரி இறங்கும் என்பதால், பழைய நோய் இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. ஆனால் ஆம்பியர்மானி போய், எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏறாததை மட்டும் அறிவிக்கும் சிவப்பு விளக்கு வந்தது. வண்டி நிற்கும்போது நேரும் கசிவை அது காட்டுவதில்லை. துடியலூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் நிறுவனம் முகப்பு அளவுமானிகளைத் தயாரித்துவந்த காலத்திலேயே, ஓட்டுநருக்கு உதவிய அந்த ஒரு முள் வழக்கொழிந்தது விந்தைதான். மூடிய பேட்டரிகள் வந்தபின் ஹைட்ரோமீட்டருக்கும் வேலை குறைந்தது.

எஞ்சியிருப்பது, எர்த் ஒயரைக் கழற்றி இடையே மல்டிமீட்டரை இணைத்து, வண்டியின் கணினிகள் உறங்கும்வரை காத்திருந்து, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் முறையாகும். அளவு 50 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது இயல்பு. எந்த பியூஸைப் பிடுங்கியதும் மிகையான அளவு சட்டெனக் குறைகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. ஒரு மணி நேரம் பிடிக்கும் இச்சோதனையைத் தவிர்த்து, புதிய பேட்டரி மாற்றச் சொல்வதே இன்று எளிதாகிவிட்டது. அது பரிசோதனை அன்று, விற்பனை. அரை ஆம்பியர் கசியும் வண்டியில் மாட்டிய 40 ஆம்பியர்-மணிப் புதுப் பேட்டரியும், வண்டியை எடுக்காமல் நிறுத்தினால், 80 மணி நேரத்தில் காலியாகிவிடும்.